சட்டை மாற்றும் கிருமி: ஒருமுறை வந்த மலேரியா மறுமுறையும் வருவது ஏன்?

தட்டம்மை ஒருமுறை வந்து போனால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறுமுறை வருவதில்லை. பொன்னுக்கு வீங்கியும் அப்படித்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் மருத்துவம் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அம்மை கண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்று வந்தால், "அவளுக்குத்தான் சின்ன வயசிலேயே வந்து போயிடுச்சே, அவ இருக்கட்டும்" என்பார்கள். உடல் ஒருமுறை சந்தித்த பகையை மறப்பதில்லை என்ற உண்மை அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது.

மலேரியாவில் இந்தக் கணக்கு பொய்த்துப் போகிறது. மூன்று முறை, நான்கு முறை வந்தவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவின் பல கிராமங்களில் ஒரு குழந்தைக்கு ஒரே மழைக்காலத்தில் இரண்டு மூன்று தடவை வந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 26 கோடி பேருக்கு மலேரியா வந்தது. ஏறக்குறைய 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

நம் உடலின் நினைவாற்றல் இந்தக் கிருமியிடம் ஏன் தோற்கிறது? இதற்கான விடையை அறிவியல் உலகம் கொஞ்சம் கொஞ்சமாக, பல பத்தாண்டுகள் எடுத்துக் கண்டுபிடித்தது. அந்தத் தேடலில் கல்கத்தாவுக்கும் கொழும்புக்கும் பங்கு உண்டு. விடையைப் புரிந்துகொண்டால், மருத்துவர் தரும் மாத்திரையை ஏன் கடைசி நாள் வரை விழுங்க வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

முறைக்காய்ச்சல்

தமிழில் இந்த நோய்க்கு முறைக்காய்ச்சல் என்று ஒரு பழைய பெயர் உண்டு. முறை வைத்துக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். அரபு மருத்துவ நூல்களிலும் இதே கவனிப்பைக் காணலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காய்ச்சலை "ஹும்மல் கிப்" என்றும், நான்காம் நாள் திரும்பும் காய்ச்சலை "ஹும்மர் ரிப்உ" என்றும் அவர்கள் பிரித்தார்கள். இப்னு சீனா தம் அல்கானூன் நூலின் நான்காம் பாகத்தில் காய்ச்சல்களை விரிவாக எழுதியிருக்கிறார். காரணம் தெரியாத காலத்திலேயே காய்ச்சலின் நேரத்தைத் துல்லியமாகக் குறித்து வைத்தார்கள்.

காரணம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெரிந்தது. 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகர ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர், ஒரு நோயாளியின் ரத்தத்தில் உயிருள்ள கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ், ஒரு கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமி வளர்வதைப் பார்த்தார். அந்தக் கொசுக்கள் குடித்தது ஹுசைன் கான் என்ற நோயாளியின் ரத்தம். கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி வாங்கிக்கொண்டு அவர் தம்மைக் கடிக்க விட்டார். ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசைன் கானின் பெயரை இன்று நினைப்பவர்கள் குறைவு.

கொசு கடிக்கும்போது கிருமி முதலில் நம் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே சில நாட்கள் பெருகிவிட்டு ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் புகுகிறது. ஒரு சிவப்பணுவுக்குள் நுழையும் ஒரு கிருமி, 48 மணி நேரத்தில் பத்து இருபது கிருமிகளாகப் பெருகி அந்த அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வந்தவை ஒவ்வொன்றும் வேறொரு சிவப்பணுவுக்குள் நுழைகின்றன. அணுக்கள் ஒரே சமயத்தில் உடையும் நேரத்தில்தான் குளிரும் நடுக்கமும் வருகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருவதன் ரகசியம் அந்த 48 மணி நேரம்தான். நான்காம் நாள் திரும்பும் காய்ச்சலை உண்டாக்குவது 72 மணி நேரச் சுற்று கொண்ட வேறொரு வகைக் கிருமி.

ஒளிந்திருந்த கிருமி ஏன் வெளியே தலைகாட்டுகிறது?

சிவப்பணு இந்தக் கிருமிக்குக் கிடைத்த நல்ல மறைவிடம். நம் உடலின் மற்ற அணுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தமக்குள் என்ன நடக்கிறது என்பதன் மாதிரித் துணுக்குகளை வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். ரோந்து வரும் வெள்ளணுக்கள் அதைப் பார்த்து, உள்ளே கிருமி இருக்கிறதா என்று அறியும். சிவப்பணுவில் அந்த ஏற்பாடு இல்லை. எனவே அதற்குள் இருக்கும் மலேரியாக் கிருமி கண்ணில் படாமல் இருந்துவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மண்ணீரல் ஒரு சல்லடை போல வேலை செய்கிறது. நல்ல சிவப்பணு மிருதுவானது, வளைந்து நெளிந்து குறுகலான வழியிலும் போய்விடும். கிருமி புகுந்த அணு விறைத்துப் போகிறது. மண்ணீரலின் சல்லடையில் அது சிக்கினால் அழிக்கப்படும்.

மலேரியாக் கிருமிகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருந்தபடியே ஒரு புரதத்தைச் செய்து, அணுவின் வெளிப்புறத்துக்கு அனுப்புகிறது. அந்தப் புரதம் அணுவின் மேல் சிறு சிறு குமிழ்கள் போன்ற மேடுகளில் நிற்கும். அது கொக்கி போல ரத்தக் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். அணு சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டால், ரத்த ஓட்டத்தோடு மண்ணீரலுக்குப் போக வேண்டியதில்லை. இந்தப் புரதத்துக்கு விஞ்ஞானிகள் பிஎஃப்இஎம்பி-1 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் அதைக் கொக்கிப் புரதம் என்றே சொல்லிக்கொள்வோம்.

இப்படி ஒட்டிக்கொள்வதால் கிருமி தப்புகிறது, மனிதன் ஆபத்தில் சிக்குகிறான். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் இந்த அணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒட்டும்போது ரத்த ஓட்டம் தடைபடும். அதைத்தான் மூளை மலேரியா என்கிறோம். வலிப்பு, நினைவிழப்பு, மரணம் வரை அது கொண்டுபோகும்.

கொக்கியை வெளியே நீட்டியதால் கிருமிக்கும் ஓர் ஆபத்து வந்துவிடுகிறது. இதுவரை மறைந்திருந்த அதன் அடையாளம் இப்போது ரத்தத்தில் பளிச்சென்று தெரிகிறது. நம் நோயெதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்துவிடுகிறது. சில நாட்களில் அந்தக் கொக்கிக்கென்றே எதிர்ப்பொருளைத் தயாரித்துவிடுகிறது. கொக்கி தெரிந்த அணுக்களெல்லாம் அடையாளம் காணப்பட்டு அழிக்கப்படுகின்றன. நீட்டாமல் இருந்தால் மண்ணீரல் பிடிக்கும். நீட்டினால் எதிர்ப்பொருள் பிடிக்கும். இந்த இக்கட்டிலிருந்து தப்பத்தான் கிருமி சட்டை மாற்றுகிறது.

கல்கத்தா, லண்டன், கொழும்பு

கிருமி சட்டை மாற்றுகிறது என்பது முதலில் குரங்குகளின் மலேரியாவில்தான் தெரிய வந்தது. 1930களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், ஒரு குரங்கின் ரத்தத்தில் புதுவகை மலேரியாக் கிருமி தென்பட்டது. அங்கே பணியாற்றிய ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் அதை ஆராய்ந்து, மனிதருக்கும் அது தொற்றக்கூடியது என்று 1932இல் எழுதினார்கள். பின்னர் நோல்ஸின் பெயராலேயே அதற்கு நோலெசி என்று பெயரிடப்பட்டது. மலேசியாவில் உறவுகள் உள்ள குடும்பங்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த நாட்டில் இன்று மனிதருக்கு வரும் மலேரியாவில் ஏறக்குறைய எல்லாமே காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் இந்த நோலெசிதான்.

அந்த நோலெசியை வைத்து 1965இல் லண்டனில் கே.என்.பிரவுன், ஐ.என்.பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நாட்பட்ட மலேரியா உள்ள குரங்குகளில் கிருமி அலை அலையாக ஏறி இறங்கும். ஓர் அலை அடங்கிய பின் குரங்கின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள், அந்த அலையின் கிருமிகளை நன்றாக அடையாளம் கண்டது. அடுத்த அலையின் கிருமிகளை அதற்கு அடையாளம் தெரியவில்லை. குரங்கும் அதே, தொற்றும் அதே. ஆனால் கிருமியின் வெளித்தோற்றம் மாறியிருந்தது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். முதலிலேயே இரண்டு மூன்று இனக் கிருமிகள் கலந்து புகுந்து, ஒன்று அழிந்த பின் மற்றொன்று தலைதூக்கியிருக்கலாம் அல்லவா? ஒரே கிருமிதான் மாறியது என்பதற்கு என்ன சான்று?

இதற்குத் தெளிவான பதில் சொன்ன ஆய்வுகளில் ஒன்று நம் பக்கத்து நாடான இலங்கையிலிருந்து வந்தது. அங்குள்ள செங்குரங்குகளுக்கு இயற்கையாகவே வரும் ஃப்ராஜிலே என்ற மலேரியாக் கிருமியை, ஷிரோமா ஹந்துன்நெத்தி, கமினி மெண்டிஸ், பீட்டர் டேவிட் ஆகியோர் ஆராய்ந்து 1987இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு கிருமியிலிருந்து பெருக்கிய வம்சத்தை மட்டும் அவர்கள் பயன்படுத்தினார்கள். எனவே கலப்புக்கு இடமே இல்லை. அப்படியிருந்தும் அதே குரங்கில் ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு வெளித்தோற்றம் கொண்ட கிருமிகள் வந்தன. ஒரு தாய்க் கிருமியின் பிள்ளைகளே வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டன என்பது இதனால் உறுதியானது.

ஆரணித் தறியும் அட்டைகளும்

சட்டை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 1995இல் விடை கிடைத்தது. மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் ஃபால்சிபாரத்தின் ஒரு மரபணுக் குடும்பத்தை அடையாளம் கண்டன. அதற்கு வார் மரபணுக்கள் என்று பெயர். கொக்கிப் புரதத்தைச் செய்வதற்கான கட்டளை இந்த மரபணுக்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2002இல் ஃபால்சிபாரத்தின் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது. 14 குரோமோசோம்களில் சுமார் 5,300 மரபணுக்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 60 மரபணுக்கள் இந்த வார் குடும்பத்தைச் சேர்ந்தவை.

செய்யாறு, ஆரணிப் பகுதி மக்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பட்டுத் தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியை எல்லோரும் பார்த்திருப்போம். துளையிட்ட அட்டைகளைக் கோத்து அதில் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அதற்கேற்பப் பாவு நூல் தூக்கும். சேலையின் கரையில் மாங்காய் வருமா, அன்னம் வருமா, கோபுரம் வருமா என்பதைத் தீர்மானிப்பது அந்த அட்டைகள்தான். ஒரு நெசவாளர் வீட்டில் பல டிசைன்களுக்கான அட்டைகள் கட்டுக் கட்டாக இருக்கும். ஆனால் தறியில் ஒரு நேரத்தில் ஓடுவது ஒரு கட்டு மட்டுமே. மற்றவை கட்டி வைக்கப்பட்டிருக்கும். தறி அதே தறி, நூல் அதே நூல், அட்டை மாறினால் சேலையின் கரை மாறிவிடும்.

மலேரியாக் கிருமியிடம் இப்படி 60 கட்டு அட்டைகள் இருக்கின்றன. ஒரு கிருமி ஒரு நேரத்தில் ஒரே ஒரு வார் மரபணுவைத்தான் இயக்குகிறது. மீதி ஐம்பத்துச் சொச்சமும் இறுக்கமாகச் சுருட்டி மூடப்பட்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை குரோமோசோம்களின் முனைப் பகுதிகளில் இருக்கின்றன. கட்டளை எழுத்து அழிக்கப்படுவதில்லை, வாசிக்க முடியாதபடி மூடப்படுகிறது, அவ்வளவுதான். எந்த மரபணு திறந்திருந்தது என்ற நினைவு, கிருமி பெருகும்போது அதன் பிள்ளைகளுக்கும் போகிறது. அதனால் ஒரு வம்சம் பல தலைமுறைகள் வரை ஒரே கரையை நெய்துகொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் ஏன்? அறுபதையும் ஒரே நேரத்தில் நீட்டினால் நம் உடல் அறுபதையும் ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும். அதன்பின் கிருமிக்குக் கையிருப்பு எதுவும் மிஞ்சாது. கையிருப்பை மறைத்து வைப்பதில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது.

கிருமி யோசித்துச் சட்டை மாற்றுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு 48 மணி நேரச் சுற்றிலும், கோடிக்கணக்கான கிருமிகளில் ஒரு சிறு பகுதி தற்செயலாகவே வேறொரு வார் மரபணுவுக்கு மாறிவிடுகிறது. நம் எதிர்ப்பொருள் பெருங்கூட்டத்தை அழிக்கும்போது, ஏற்கெனவே மாறிப்போயிருந்த அந்தச் சிலரை அது கண்டுகொள்வதில்லை. கூட்டம் அழிந்த பின் அந்தச் சிலர் பெருகுகிறார்கள். அதுதான் அடுத்த அலை. உடல் அதையும் கற்றுக்கொள்ளும். அதற்குள் மூன்றாவது சட்டைக்காரர்கள் தயாராக இருப்பார்கள். சிகிச்சை பெறாத ஒருவரின் ரத்தத்தில் ஃபால்சிபாரம் மாதக் கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் தங்குவது இப்படித்தான்.

அட்டைகளும் புதிதாகப் பிறக்கின்றன

அறுபது என்பது எண்ணிமுடிக்கக் கூடிய கணக்குதானே, அறுபதையும் உடல் கற்றுக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். கிருமியின் கையிருப்பு அதோடு நிற்பதில்லை. ஒரு வார் மரபணுவின் துண்டும் மற்றொன்றின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டு புதிய மரபணு உருவாகிறது. இரண்டு டிசைன் அட்டைகளைப் பிரித்து மாற்றிக் கோத்தால் மூன்றாவது டிசைன் வருவது போல. இது மனித ரத்தத்தில் கிருமி பெருகும்போதும் நடக்கிறது, கொசுவின் வயிற்றில் ஆண் பெண் கிருமிகள் சேரும்போதும் நடக்கிறது. எனவே ஒரு கிருமி வைத்திருக்கும் அறுபதும் மற்றொரு கிருமி வைத்திருக்கும் அறுபதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒடிசாவின் காட்டுப் பகுதியில் புழங்கும் சட்டைகள் வேறு, தான்சானியாவில் புழங்குபவை வேறு.

இருந்தாலும் உடல் முற்றிலும் தோற்றுவிடுவதில்லை. உயிருக்கு ஆபத்தான மலேரியாவை உண்டாக்கும் கொக்கிகள், எல்லாக் கொக்கிகளிலும் ஒரு சிறு பிரிவுதான். மலேரியா மிகுந்த ஊரில் பிறந்து பிழைத்த குழந்தை, சில தொற்றுகளுக்குள்ளேயே கொடிய வகைகளை எதிர்க்கக் கற்றுவிடுகிறது. பெரியவனாகும்போது கிருமி ரத்தத்தில் இருந்தும் காய்ச்சல் இல்லாமல் நடமாட முடிகிறது. ஆனால் இந்தப் பாடத்தைக் கற்கும் வயதில்தான் இத்தனை குழந்தைகள் இறக்கிறார்கள். கற்ற பாடமும் நிலையானதல்ல. ஊரைவிட்டுச் சில ஆண்டுகள் வெளியே இருந்தால் மங்கிவிடும்.

முதல் பிள்ளையைச் சுமக்கும் தாய்மார்களின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வார் குடும்பத்தில் வார்2சிஎஸ்ஏ என்ற ஒரு மரபணு இருக்கிறது. அது செய்யும் கொக்கி நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும். பல முறை மலேரியா வந்து எதிர்ப்புச் சக்தி பெற்ற பெண்ணுக்கும், கர்ப்பமாகும் வரை இந்தச் சட்டையின் அறிமுகமே இருந்திருக்காது. அதனால்தான் முதல் கர்ப்பத்தில் ஆபத்து அதிகம். தாய்க்கு ரத்தசோகை வரும், குழந்தை எடை குறைந்து பிறக்கும், கருச்சிதைவும் நேரலாம். அடுத்தடுத்த கர்ப்பங்களில் உடல் அதைக் கற்றுக்கொள்வதால் ஆபத்து குறைகிறது. இந்த ஒரு கொக்கியைக் குறிவைத்துக் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி உருவாக்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன.

நம் பக்கத்து மலேரியா

இதுவரை சொன்னது பெரும்பாலும் ஃபால்சிபாரம் பற்றி. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது வைவாக்ஸ் என்ற வகை. மாநிலத்தின் மலேரியா நோயாளிகளில் பெரும்பகுதியினர் நீண்ட காலம் சென்னையிலேயே இருந்தார்கள். வைவாக்ஸிடமும் சட்டைக்கான ஒரு பெரிய மரபணுக் குடும்பம் உண்டு. விர் என்ற அந்தக் குடும்பம் 2001இல் கண்டறியப்பட்டது. அதில் முந்நூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன.

வைவாக்ஸுக்கு இன்னொரு தந்திரமும் தெரியும். கல்லீரலுக்குப் போகும் கிருமிகளில் சில பெருகாமல் அங்கேயே உறங்கிவிடும். வாரங்கள், மாதங்கள் கழித்து விழித்து, புதிதாகக் கொசு கடிக்காமலே காய்ச்சலை உண்டாக்கும்.

ஆக, ஒருவருக்கு மலேரியா மறுபடியும் வந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, ரத்தத்தில் மீதியிருந்த கிருமி மீண்டும் பெருகியது. இரண்டாவது, கல்லீரலில் உறங்கியது விழித்தது. மூன்றாவது, புதிய கொசுக்கடி. மூன்றிலும் நம் உடலின் பழைய நினைவு முழுமையாகக் கைகொடுக்காது. எனவே "போன வருஷம்தான் வந்து போச்சு, இது வேற காய்ச்சலாத்தான் இருக்கும்" என்று நாமே முடிவு செய்வது ஆபத்து.

சட்டை மாறும், வயிறு மாறாது

உடல் ஏமாறும் இடத்தில் மருந்து ஏமாறுவதில்லை. எதிர்ப்பொருள் கிருமியின் சட்டையைத் தேடுகிறது. மாத்திரை சட்டையைப் பார்ப்பதே இல்லை. உதாரணத்துக்குக் குளோரோகுயின் செய்வது இதுதான்: கிருமி சிவப்பணுவுக்குள் இருந்தபடி ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்னும்போது ஹீம் என்ற நச்சுக் கழிவு உண்டாகிறது. அதைத் தீங்கற்ற படிகமாக மாற்றினால்தான் கிருமி பிழைக்கும். குளோரோகுயின் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. கிருமி தன் கழிவாலேயே சாகிறது. அறுபது சட்டையில் எதைப் போட்டிருந்தாலும் அதன் வயிறு ஒன்றுதான்.

நம் நாட்டில் வைவாக்ஸ் மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயினும், 14 நாள் பிரைமாகுயினும் தருகிறார்கள். முதல் மருந்து ரத்தத்தில் உள்ள கிருமிக்கு, இரண்டாவது கல்லீரலில் உறங்கும் கிருமிக்கு. ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் வகை மருந்தோடு வேறொன்றையும் சேர்த்துக் கூட்டு மருந்தாகத் தருகிறார்கள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காய்ச்சல் விட்டுவிடும். நம் வீடுகளில் தவறு நடப்பது அந்த இடத்தில்தான். உடம்பு தேறிவிட்டது, வயிறு எரிகிறது, வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். காய்ச்சல் விட்டது பெருங்கூட்டம் அழிந்ததன் அடையாளம்தான். மாறிய சட்டையோடு ரத்தத்தில் மிஞ்சிய சிலரும், கல்லீரலில் உறங்குபவர்களும் காய்ச்சலைக் காட்டுவதில்லை. கடைசி நாட்களின் மாத்திரை அவர்களுக்காகத்தான் தரப்படுகிறது. விட்டுவைத்தால் நோயாளி மறுபடி படுப்பார். அதற்கிடையில் அவரைக் கடிக்கும் கொசு வழியாக அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெருவுக்கும் நோய் போய்ச் சேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிரைமாகுயினைக் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தருவதில்லை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். எனவே ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடும் நாட்களில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தடுப்பூசியிலும் இதே பாடத்தைத்தான் பின்பற்றினார்கள். சட்டை மாறும் கட்டத்தைத் துரத்தாமல், கொசு கடித்தவுடன் கல்லீரலை நோக்கி ஓடும் கட்டத்தைக் குறிவைத்தார்கள். அப்போது கிருமிகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றின் மேல் உள்ள புரதமும் இப்படி மாறிக்கொண்டே இருப்பதில்லை. ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை 2021இலும், ஆர்21 தடுப்பூசியை 2023இலும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டாவதைத் தயாரிப்பது புனேயில் உள்ள சீரம் நிறுவனம். இவை ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்படுகின்றன. நோயைப் பெருமளவு குறைக்கின்றன, முற்றாகத் தடுப்பதில்லை.

நம் கையில் உள்ளவை

இலங்கையில் 1934-35இல் வந்த மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அதே இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அங்குள்ளவர்களின் உடலில் புதிய சக்தி எதுவும் வந்துவிடவில்லை. காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரையும் சோதித்தார்கள், முழுச் சிகிச்சை தந்தார்கள், கொசுவைக் கட்டுப்படுத்தினார்கள். கிருமியின் சட்டை எத்தனை இருந்தாலும் போட்டுக்கொள்ள ஆள் இல்லாமல் போனால் அது அழியும் என்பதற்கு அதுவே சான்று.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டியவையும் அவைதான்.

செய்யாற்றிலிருந்தும் ஆரணியிலிருந்தும் சென்னைக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய்வருபவர்கள் ஏராளம். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களுக்கும் வியாபாரமாகப் போய்வருபவர்களும் உண்டு. ஊர் திரும்பியபின் குளிரோடு காய்ச்சல் வந்தால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு நிலையங்களில் அது இலவசம். எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃபால்சிபாரமாக இருந்தால் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

மாத்திரையைக் கடைசி நாள் வரை சாப்பிட வைக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். அத்தா சாப்பிட்டாரா என்று நாள்காட்டியில் குறித்து வைக்க ஒரு பிள்ளை போதும்.

நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. மாடித் தொட்டி, கிணறு, சிமெண்ட் தொட்டி என்று நல்ல தண்ணீரைத் தேடி வரும். எனவே மூடாத தொட்டி எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. பள்ளிவாசல் ஹவ்ளுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். திறந்த ஹவ்ளில் தண்ணீர் நாட்கணக்கில் தேங்கி நின்றால் கொசு முட்டையிட்டுவிடும். வாரம் ஒருமுறை வடித்துக் கழுவுவது, அது முடியாத பெரிய ஹவ்ளுகளில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்களை விடுவது, மாடித் தொட்டிக்கு மூடி போடுவது ஆகிய மூன்றையும் ஜமாஅத் நிர்வாகிகள் மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடலாம். ஒளு செய்ய வருபவர் நோயோடு திரும்பக் கூடாது என்ற பொறுப்பு பள்ளியைப் பராமரிப்பவர்களுக்கு உண்டு.